சைடு பாக்ஸ்ல விரிசல்: ஒட்டிக்கலாமா, மாத்தியே ஆகணுமா?

நெடுவழி:
பைக் ஸ்டாண்டு சறுக்கி சாஞ்சதுல இடது சைடு பாக்ஸ் அடி வாங்கிக்கிச்சு. அடி மூலைல ஆரம்பிச்சு பக்கவாட்டுல ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல், அது போக பாக்ஸ ஃப்ரேம்ல மாட்டுற கொக்கி பக்கத்துலயும் மயிரிழை மாதிரி ஒரு கீறல் தெரியுது. எபாக்ஸி பசை வச்சு அடைச்சா தாங்குமா, இல்ல புதுசு தான் வாங்கணுமா?

ரெஞ்ச்கை:
எபாக்ஸியும் வேணாம் சூப்பர் க்ளூவும் வேணாம் ப்ரோ, சூப்பர் க்ளூ காஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிடும், பைக் அதிர்வுல பொலபொலன்னு விட்டுடும். சால்டரிங் அயர்ன் போதும். விரிசல் முடியுற எடத்துல 3 மில்லிமீட்டர் ட்ரில்ல ஒரு ஓட்டை போட்டுடுங்க, அது போடலன்னா நீங்க எத வச்சு ஒட்டினாலும் விரிசல் மேல மேல ஓடிட்டே இருக்கும். அப்புறம் விரிசல் நெடுக வி வடிவத்துல காடி வெட்டி, உள்பக்கம் ஸ்டெயின்லெஸ் கம்பி வலைய சூடா அழுத்தி பதிச்சு, மேல பிளாஸ்டிக் ராடு உருக்கி ஊத்துங்க.

பாலிமர்ப்பித்து:
என்ன பிளாஸ்டிக்னே கேக்காம அயர்ன எடுக்க சொல்றீங்களே. பாக்ஸ் உள்பக்கம் அடில பாருங்க, ஏபிஎஸ்னோ பிபின்னோ (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக் வகைய அச்சு குத்தியிருப்பான். ஏபிஎஸ்னா உருக்கவே தேவையில்ல. அதே ஏபிஎஸ் துண்டுகள அசிட்டோன்ல ஊறப்போட்டு தேன் பதத்துக்கு கரைச்சு காடில தடவினா, அது பசை மாதிரி மேல ஒட்டி நிக்காது, பாக்ஸோட பிளாஸ்டிக்கையே கரைச்சு ஒண்ணா சேந்துடும். ஒரு மணி நேரத்துல மேல காஞ்ச மாதிரி இருக்கும், நம்பாதீங்க, உள்ள இருக்குற அசிட்டோன் போக ஒரு நாளுக்கு மேல ஆகும், கனமா போட்டா இன்னும் இழுக்கும், அதனால மெல்லிசா பல தடவை போடுங்க. நெருப்பு பக்கத்துல வச்சு செய்யாதீங்க.
பிபின்னா கதையே வேற. அசிட்டோன் ஒண்ணும் செய்யாது, சாதா எபாக்ஸியும் பிடிக்காது, நகத்தால நெம்பினா பொளந்துட்டு வரும். அதுக்கு பிபி ராடு வச்சு வெல்டிங் தான்.

ரெஞ்ச்கை:
நான் சொன்னதும் வெல்டிங் தானே சார், ரெண்டுக்கும் அது ஒத்து வரும். எந்த ராடுன்னு நான் சொல்லாம விட்டது தான் உங்களுக்கு பிரச்சனைன்னா, சரி, பாக்ஸ் எதுவோ ராடும் அதே. ஏபிஎஸ் ராட பிபி மேல ஊத்தினா ஒட்டாது.

தூரப்பயணி:
ரெண்டு பேரும் பசைக்கும் அயர்னுக்கும் சண்டை போடுறீங்க, கொக்கி பக்கத்து கீறல யாரும் பேசல. பாக்ஸ்ல இருக்குற மொத்த கனமும் ஒவ்வொரு குழில விழும்போதும் அந்த எடத்துல தான் இறங்குது. ஓடுற வண்டில பாக்ஸ் கழண்டு விழுந்தா பின்னாடி வர்றவன் மேல தான் போகும், அவன் என்ன பாவம் பண்ணான்? பக்கவாட்டு விரிசல் வெறும் தண்ணி போற பிரச்சனை, அத எப்படி வேணா ஒட்டிக்கோங்க. மாட்டுற எடத்துல கீறல் விட்டா மாத்துறது தான், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல.

ரெஞ்ச்கை:
அலுமினியம் தகடு வெட்டி உள்பக்கம் வச்சு, பெரிய வாஷரோட போல்ட் போட்டா கனம் அந்த கீறல்ல இறங்காம பரவலா போயிடும்ங்க. பழைய பாக்ஸுக்கெல்லாம் ஸ்பேரே கிடைக்காது, தூக்கி போட்டுடவா முடியும்?

தூரப்பயணி:
தகடு வைக்கலாம், ஆனா போல்ட் தலை வெளிய ஒரு மில்லிமீட்டர் துருத்தினாலும் கொக்கி முழுசா உக்காராது. பூட்டு க்ளிக்னு சத்தம் குடுக்கும், நாம மாட்டிடுச்சுன்னு நினைச்சிட்டு கிளம்புவோம். பயமே அது தான்.

பாலிமர்ப்பித்து:
இதுல நான் தூரப்பயணி பக்கம். நெடுவழி, அந்த கீறல் நிஜமா எங்க முடியுதுன்னு முதல்ல பாருங்க. மார்க்கர் மை தடவி உடனே துணியால துடைச்சா கீறல்ல மட்டும் மை நிக்கும், கண்ணுக்கு தெரியுறத விட நீளமா இருக்கும். ட்ரில் போடுறதும் அந்த முனைல தான். அச்சு இல்லன்னா பஞ்சுல அசிட்டோன் தொட்டு மறைவான எடத்துல தேய்ங்க, பிசுபிசுன்னு ஆனா ஏபிஎஸ். தண்ணில துண்டு போட்டு மிதக்குதான்னு பாக்குறதும் உண்டு, ஆனா கண்ணாடி நார் கலந்த பிபியும் முங்கிடும், அத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

நெடுவழி:
பாத்துட்டேன். அச்சு பிபின்னு இருக்கு, அசிட்டோன் தேச்சும் ஒண்ணும் ஆகல. மை தடவினா கொக்கி பக்கத்து கீறல் போல்ட் ஓட்டை வரைக்கும் போகுது. மூடி, பூட்டு, கீல் எல்லாம் நல்லா இருக்கறதால கீழ் ஓடு மட்டும் தனியா கிடைக்குதான்னு தேடுறேன். அது வர்ற வரைக்கும் பக்கவாட்டு விரிசல்ல பிபி ராடு வெல்டிங் பழகிக்கிறேன், பாக்ஸ பைக்ல மாட்டல.

ரெஞ்ச்கை:
ஓடு கிடைக்கலன்னா தகடு யோசனைய தூக்கி போட்டுடாதீங்க ப்ரோ, போல்ட் தலைய உள்ள பதியுற மாதிரி போடலாம். அயர்ன் சூட்ட கம்மியா வச்சு ஆரம்பிங்க, புகை வந்தா பிளாஸ்டிக் கருகுதுன்னு அர்த்தம், அந்த எடத்துல பலமே இருக்காது. ஜன்னல தொறந்து வச்சுக்கோங்க.

தூரப்பயணி:
பதிச்சாலும் சரி பதிக்கலன்னாலும் சரி, கீறல் போல்ட் ஓட்டை வரைக்கும் போயிருக்குன்னா அந்த கீழ் ஓட்ட மறுபடி பைக்ல மாட்டாதீங்க.