கைப்பிடி யாருடையது? ஹில்ஸ் ஹாய்ஸ்டும் ஒரு தொலைக்காட்சிக் கதையும்

திருகாணி:
நேற்று வேறோர் இழையில் 'பழைய வானொலி' அவர்கள், ஆஸ்திரேலியக் கண்டுபிடிப்புகளைப் பற்றித் தாம் பார்த்த தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றை மெய்மறந்து புகழ்ந்துவிட்டு, ஆஸ்திரேலியக் கொல்லைப்புறங்களில் நிற்கும், 'ஹில்ஸ் ஹாய்ஸ்ட்' எனப்படும் சுழலும் துணிக்கொடியை 1945-இல் அடிலெய்டில் லான்ஸ் ஹில் என்பவரே கண்டுபிடித்தார் என்றும், அதற்கு முன் அப்படி ஒன்று உலகில் இருந்ததில்லை என்றும் எழுதியிருந்தார். நான் பதில் எழுதி முடிப்பதற்குள் நெறியாளர் அந்த இழையைப் பூட்டிவிட்டதால் இங்கே தொடங்குகிறேன். ஜீலாங் ஊரைச் சேர்ந்த கில்பர்ட் டாய்ன், 1911-க்கும் 1946-க்கும் இடையில் சுழலும் துணிக்கொடிக்கு நான்கு வடிவமைப்புகளைக் காப்புரிமை செய்தவர். அவற்றுள் 1925-ஆம் ஆண்டு வடிவமைப்பில்தான், கைப்பிடியைச் சுழற்றினால் கொடி முழுவதும் மேலே ஏறும்படியான கிரவுன் வீல் என்ற பெரிய சக்கரமும் பினியன் என்ற சிறிய சக்கரமும் சேர்ந்த பற்சக்கர அமைப்பு இருந்தது. அந்தக் காப்புரிமை காலாவதியான பிறகு, 1947-இல் ஹில்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கொடியில் இருந்ததும் இதே அமைப்புதான். ஆகவே கைப்பிடி டாய்னுடையது. இதை ஆவணப்படம் எடுப்பவர்கள் ஒரு பிற்பகல் செலவழித்திருந்தால் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

பழைய வானொலி:
திருகாணி அவர்கள் என் பெயரைத் தலைப்பிலேயே போடாமல் விட்டதற்கு நன்றி. நான் அடிலெய்டில் வசிக்கிறேன். லான்ஸ் ஹில் தம் வீட்டுக் கொல்லையில் முதல் கொடியை நட்ட கிளெனங்கா, என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடப் பயணம். நான் 1998-இல் வீடு வாங்கியபோது கொல்லையில் ஏற்கெனவே ஒரு கொடி நின்றது. அதன் வார்ப்பிரும்புப் பெட்டியில் 'ஹில்ஸ்' என்று எழுத்துப் புடைத்திருக்கிறது, 'டாய்ன்' என்று இல்லை. மேலும், ஹில் ஒரு மோட்டார் மெக்கானிக். கிரவுன் வீலும் பினியனும் அந்தக் காலத்துப் பெரும்பாலான கார்களின் பின்னச்சில் இருந்தபோது, கார்களைக் கழற்றி மாட்டிய ஒருவருக்கு அதை ஜீலாங்கிலிருந்து ஒருவர் வந்து கற்றுத்தர வேண்டிய அவசியமில்லை. 1994-க்குள் ஐம்பது லட்சம் கொடிகள் விற்ற நிறுவனத்தைத் திருடன் என்று சொல்வதற்கு முன் சற்று யோசித்திருக்கலாம்.

திருகாணி:
திருடன் என்ற சொல்லை நான் எழுதவில்லை. அது உங்கள் விரல் வழியாக வந்தது. காலாவதியான காப்புரிமையைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமுமில்லை. ஹில் நல்ல வணிகர், அவருடைய மைத்துனர் ஹரால்ட் லிங் 1946-இல் சேர்ந்த பிறகு தொழில் பெருகியது, போருக்குப் பின் இரும்பு கிடைக்காத காலத்தில் பழைய குழாய்களை வைத்து வேலையைத் தொடங்கியது பாராட்டத்தக்கது என்று எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். ஆனால் கைப்பிடி டாய்னுடையது. பதினைந்து நிமிடத் தொலைவில் குடியிருப்பதால் வரலாறு தெரிந்துவிடும் என்றால், கோயில் வாசலில் பூ விற்பவர்கள் அனைவரும் ஆகமம் கற்றவர்களாக இருக்க வேண்டும்.

சொல்லாய்வன்:
இருவரும் பொறுத்தருள வேண்டும். 'கண்டுபிடித்தல்' என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டால் இந்த விவாதத்தில் பாதி தீர்ந்துவிடும். ஏற்கெனவே இருப்பதைக் காண்பதற்கும், இல்லாததை ஆக்குவதற்கும், ஆக்கியதை மலிவாக்கி வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் தமிழில் நாம் ஒரே சொல்லைத்தான் புழங்குகிறோம். இவற்றுள் எந்தப் பொருளில் ஹில்லின் பெயர்...

திருகாணி:
சொல்லாராய்ச்சிக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இங்கே பேசப்படுவது கைப்பிடி.

பழைய வானொலி:
இந்த ஒன்றில் மட்டும் திருகாணியுடன் உடன்படுகிறேன். சொல்லாய்வன் எந்த இழைக்குள் வந்தாலும் அது அகராதியாகிவிடுகிறது.

மாங்குயில்:
சிட்னியிலிருந்து ஒரு சொல். நானும் அந்த ஆவணப்படத்தைப் பார்த்தேன். துணிக்கொடிக்கு அடுத்து விக்டா புல்வெட்டி வந்தது. 1952-இல் கான்கார்ட் பகுதியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தம் வீட்டுக் கொட்டகையில், பீச் பழ டின் ஒன்றை எரிபொருள் தொட்டியாக மாட்டி முதல் இயந்திரத்தை உருவாக்கிய காட்சியை நடித்துக் காட்டினார்கள். விக்டர் என்ற நடுப்பெயரே விக்டா ஆயிற்று. அந்த டின்னைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கியது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வாடகை வீட்டுக்காரர் கொடுத்த பழைய விக்டாவின் கயிற்றை ஏழெட்டு முறை இழுத்தால்தான் அது உயிர்பெறும். பெட்ரோலும் எண்ணெயும் கலந்து எரியும் அந்த நீலப் புகையின் மணம் இன்றைய மின்கல இயந்திரங்களில் இல்லை. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டிகளை அணிவகுத்து ஓட்டிய நாடு இது. எல்லாவற்றையும் காப்புரிமை எண் வைத்துப் பார்த்தால் மனிதர்கள் எதைத்தான் கொண்டாடுவது?

திருகாணி:
கண் கலங்கியதற்கு வருந்துகிறேன். ஆனால் அந்தக் காட்சியில் லாரன்ஸ் ஹால் என்ற பெயர் ஒருமுறையாவது வந்ததா? 1948-லேயே 'மோஹால்' என்ற சுழல்கத்திப் புல்வெட்டியை அதே சிட்னியில் செய்து காட்டியவர் அவர். ரிச்சர்ட்சன் அதைப் பார்த்தவர். ஹாலின் இயந்திரம் கனமானது, ரிச்சர்ட்சனுடையது இலகுவானது, அவ்வளவுதான் வேறுபாடு. சுழல்கத்தி என்ற எண்ணம் 1930-களிலேயே இங்கிலாந்தின் ரோட்டோசைத் இயந்திரத்தில் வந்துவிட்டது. ஒரு கொட்டகை, ஒரு பழ டின், ஒரு தனிமனிதர் என்ற மூன்றும் இருந்தால் தொலைக்காட்சிக்குப் போதும். அந்த மனிதர் பக்கத்துத் தெருவில் எதைப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தார் என்பதை மட்டும் படமெடுக்க மாட்டார்கள். துணிக்கொடியிலும் இதே நோய்தான். கைப்பிடி டாய்னுடையது.

மாங்குயில்:
இலகுவானதாக ஆக்கியதை 'அவ்வளவுதான்' என்று சொல்லக்கூடியவர், அந்தக் கனமான இயந்திரத்தை ஒருநாளும் தள்ளியிருக்க மாட்டார். நீங்கள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பதாக முன்பு எழுதிய நினைவு எனக்கு இருக்கிறது. புல்லே இல்லாதவருக்குப் புல்வெட்டியைப் பற்றி என்ன கவலை?

திருகாணி:
நான் முப்பத்தொரு ஆண்டுகள் கருவிப்பட்டறையில் பற்சக்கரம் வெட்டியவன். என் குடியிருப்பில் புல் இருக்கிறதா என்பது இந்த இழைக்குத் தொடர்பற்றது.

நெய்தல்:
இத்தனை பதிவுகள் ஓடிய பின்னும், இந்தக் கொடியில் துணி உலர்த்திய யாராவது இங்கே எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், ஒருவரும் இல்லை. லான்ஸ் ஹில்லின் மனைவி, பழைய கம்பிக் கொடியும் அதைத் தாங்கும் கவைக்கோலும் போதவில்லை, மாற்றாக ஒன்று வேண்டும் என்று கேட்டதால்தான் இந்தக் கதையே தொடங்குகிறது. ஆவணப்படத்தில் அவருக்குக் கிடைத்தது புன்னகையோடு ஒரு படுக்கைவிரிப்பை மாட்டும் சில நொடிகள். நான் கொடியைத் தாழ்த்தி, ஆறு கெஜப் பருத்திப் புடவையை நான்காக மடித்து வெளிக்கம்பியில் போட்டு, உள்ளாடைகளை யார் கண்ணிலும் படாமல் உள்வட்டக் கம்பிகளில் மாட்டி, பிறகு ஈரத்தின் பாரம் முழுவதையும் ஒற்றைக் கையால் சுழற்றி மேலேற்றுகிறவள். பாதியில் கைப்பிடி இறுகிக்கொண்டால் டாய்னும் உதவிக்கு வரமாட்டார், ஹில்லும் வரமாட்டார். அந்தப் படத்தில் இரட்டை ஃபிளஷ் கழிவறைத் தொட்டியைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை என்பதையும் யாரும் கவனிக்கவில்லை. 1980-இல் கரோமா நிறுவனத்தின் புரூஸ் தாம்ப்சன் 11 லிட்டர், ஐந்தரை லிட்டர் என இரண்டு பொத்தான்களாகப் பிரித்தது, வறண்ட நாடொன்றில் எவ்வளவு தண்ணீரை மிச்சப்படுத்தியது என்பதைவிட, பீர் குளிர்விக்கும் எஸ்கி பெட்டிதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

பழைய வானொலி:
சகோதரி சொல்வது முழுக்க உண்மை. ஹில்லின் மனைவி கேட்டார், ஹில் செய்தார். ஆகவே அது ஹில்லின் கண்டுபிடிப்பு என்பதை நெய்தலும் உறுதிப்படுத்திவிட்டார்.

நெய்தல்:
நான் எதையும் உறுதிப்படுத்தவில்லை. உங்களுக்குச் சகோதரியாகவும் நான் இல்லை. திருகாணியை 'அவர்கள்' என்று விளிக்கும் நீங்கள் என்னை மட்டும் உறவுமுறை வைத்து அழைப்பது ஏன்?

பழைய வானொலி:
மரியாதைக்காக எழுதியதைக் குற்றமாக்குவது இந்தக் குழுமத்தில் வழக்கமாகிவிட்டது. போகட்டும். திருகாணி அவர்களுக்கு இன்னொரு செய்தி. 1895-இலேயே அடிலெய்டின் சன் ஃபவுண்டரியைச் சேர்ந்த காலின் ஸ்டூவர்ட், ஆலன் ஹார்லி என்னும் இருவர், சுழலவும் சாயவும் கூடிய துணி உலர்த்தும் சட்டத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். உங்கள் டாய்ன் 1911. எங்கள் அடிலெய்டு 1895. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

திருகாணி:
மகிழ்ச்சியாகச் சொல்கிறேன்: நீங்களே ஹில்லுக்கு ஐம்பது ஆண்டுகள் முன்னால் ஒரு சான்றைக் கொண்டுவந்து வைத்து, 'அதற்கு முன் உலகில் இல்லை' என்ற உங்கள் வாக்கியத்தின் கழுத்தை உங்கள் கையாலேயே நெரித்துவிட்டீர்கள். இனி நான் எழுத வேண்டிய தேவையே இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஸ்டூவர்ட், ஹார்லி அமைப்பில் மேற்சட்டம் சாய்ந்து கைக்கு எட்டும். அதைச் சுற்றி ஏற்றுவதற்குக் கைப்பிடி கிடையாது. கைப்பிடி...

மாங்குயில்:
டாய்னுடையது. அறிந்தோம்.

பழைய வானொலி:
நான் சொன்னது ஊர்ப் பெருமையைப் பற்றி. மனிதர் ஹில்லாக இருந்தாலும் ஹார்லியாக இருந்தாலும் ஊர் அடிலெய்டுதான். திருகாணி அவர்களின் இந்தக் குணம் எனக்குப் புதிதல்ல. மூன்று ஆண்டுகளுக்கு முன் கேசட் நாடா குறித்த இழையில், நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலால் சுற்றுவோம் என்று நான் எழுதிய நான்கு வரி நினைவுக்கு, அறுகோணப் பென்சில் மட்டுமே பற்களில் பொருந்தும், உருண்டைப் பென்சில் வழுக்கும் என்று இரண்டு பக்கத்துக்குத் திருத்தம் எழுதியவர் இவர். அன்றைக்கே அந்த இழை செத்துப்போயிற்று.

திருகாணி:
உருண்டைப் பென்சில் வழுக்கும் என்பது இன்றும் உண்மை.

வடகிழக்கு மூலை:
நீண்ட நாள் வாசகன், அரிதாக எழுதுபவன். பழையதை நினைத்து உருகுவதில் தவறில்லை. உருகுவதற்கு முன் விவரத்தைச் சரிபார்த்த காலமும் இங்கே இருந்தது. 1970 முதல் 1982 வரை ஏபிசி தொலைக்காட்சியில் 'தி இன்வென்டர்ஸ்' என்ற நிகழ்ச்சி வந்தது. எவரெவரோ தம் கொட்டகையில் செய்த பொருளை மேடைக்குக் கொண்டுவருவார்கள். நடுவர்கள் அதை எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். இப்போதைய ஆவணப்படத்தில் பியானோ இசை கேட்கிறது, பொன்னிற வெளிச்சம் விழுகிறது, கேள்வி மட்டும் இல்லை. ஒரே இணைப்பிலிருந்து பல கருவிகளுக்கு மின்சாரம் தரும் பவர் போர்டு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்புரூக் நிறுவனத்தின் ஃபிராங்க் பானிகன் 1972-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்து, காப்புரிமை செய்யாமல் விட்டதால் பெரும் தொகையை இழந்தார். ஏன் செய்யாமல் விட்டார் என்பதில் ஒரு மணி நேரப் படத்துக்கான பொருள் இருக்கிறது.

திருகாணி:
என் வாதத்துக்கு வலுச் சேர்த்ததற்கு நன்றி. பானிகன் காப்புரிமை செய்யவில்லை, பணம் போயிற்று, பெயர் நின்றது. டாய்ன் நான்கு முறை செய்தார். பணமும் நிற்கவில்லை, பெயரும் நிற்கவில்லை. ஐம்பது லட்சம் வீடுகளில் அவருடைய பற்சக்கரம் சுழல்கிறது, ஒரு வீட்டிலும் அவர் பெயர் தெரியாது.

பழைய வானொலி:
வடகிழக்கு மூலை உங்களுக்கு வலுச் சேர்க்கவில்லை. அவர் ஆவணப்படத்தின் இசையைப் பற்றித்தான் குறைபட்டார். அந்த இசை எனக்குப் பிடித்திருந்தது.

வடகிழக்கு மூலை:
நான் யாருக்கும் வலுச் சேர்க்க வரவில்லை. பவர் போர்டைப் பற்றி எவரேனும் பேசுவார்கள் என்று எண்ணினேன்.

சொல்லாய்வன்:
பவர் போர்டை நம் ஊர்க் கடைகளில் ஸ்பைக் பஸ்டர் என்று கேட்டு வாங்குகிறார்கள். மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் பொருளின் பெயர் அதைத் தடுக்காத பலகைக்கும் ஏறிவிட்டது. பெயர் இடம் மாறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு, ஹில்ஸ் ஹாய்ஸ்ட் என்ற பெயரும் அப்படியே எந்த நிறுவனத்தின் சுழல்கொடிக்கும்...

மாங்குயில்:
மீண்டும் அகராதி.

நெய்தல்:
கேள்வி ஒன்று கேட்டால் பதில் வருமா என்று பார்க்கிறேன். என் கொடி இப்போது நெஞ்சளவு உயரத்தில் நின்றுவிட்டது. கைப்பிடி அரைச்சுற்று வந்து, பற்கள் நழுவும் ஓசையோடு திரும்பிப் போகிறது. பழுதுபார்க்க வந்தவர், ஒன்றையும் கழற்றிப் பார்க்காமல், முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடச் சொல்லிக் கணிசமான தொகை கேட்டுவிட்டுப் போனார்.

திருகாணி:
பிடுங்க வேண்டாம். முதலில் துணிகளை எடுத்துவிட்டுக் கம்பிகளின் பாரத்தைக் குறையுங்கள். மேற்சட்டம் திடீரென இறங்கிவிடாதபடி அதன் கீழே உறுதியான முட்டுக் கொடுத்து, பிறகே பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். கைப்பிடியோடு சுழலும் சிறிய சக்கரம் பினியன். தேய்ந்திருப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், ஏனெனில் பெரிய சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் அது பலமுறை சுழல்கிறது. பழைய கிரீஸ் மெழுகுபோல் இறுகிப் பற்களுக்கிடையில் அடைத்திருந்தாலும் இதே ஓசை வரும். மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். பற்களின் முனை கத்திபோல் கூர்மையாகியிருந்தால் பினியனை மாற்ற வேண்டும். மூடியைத் திறந்ததும் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். அந்த இரண்டு சக்கரங்களும் எந்தக் கோணத்தில் பொருந்தியிருக்கின்றன என்பதை வைத்து, 1925-ஆம் ஆண்டு டாய்ன் அமைப்பிலிருந்து அது எள்ளளவும் மாறவில்லை என்பதைப் பழைய வானொலி அவர்களுக்கு நான் காட்டுகிறேன்.

பழைய வானொலி:
நெய்தல் அவர்களே, படம் எடுக்கும்போது மூடியின் வெளிப்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். அதில் எழுதியிருக்கும் பெயரைத் திருகாணி அவர்கள் உரக்கப் படிக்கட்டும்.

நெய்தல்:
மூடியில் வண்ணம் மூன்று அடுக்கு ஏறியிருக்கிறது. எந்த எழுத்தும் தெரியவில்லை.

திருகாணி:
வண்ணத்தைச் சுரண்ட வேண்டாம். உள்ளே பாருங்கள்.

பழைய வானொலி:
சுரண்டுங்கள்.