நரம்பணுவின் ஏடிபி கணக்கு: 4 மடங்கா, 1.3 மடங்கா?

வணக்கம் நண்பர்களே. உடலியங்கியல் மாணவர்களுக்காக ஒரு கணக்குத்தாள் தயாரிக்கிறேன். நரம்பு வழியே ஒரு துடிப்பு ஓட எவ்வளவு ஏடிபி (ATP, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவாகும் என்பதுதான் கேள்வி.

குறைந்தபட்சச் செலவு எளிது. சவ்வின் மின்தேக்குதிறன் சதுர செ.மீ.க்கு 1 மைக்ரோஃபாரட், மின்னழுத்த ஏற்றம் 100 மில்லிவோல்ட் என்று வைத்தால், ஒரு சதுர மைக்ரோமீட்டருக்குச் சுமார் 6,200 சோடியம் அயனிகள் உள்ளே வர வேண்டும். சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஒரு ஏடிபிக்கு 3 சோடியத்தை வெளியேற்றும். ஆக, ஏறக்குறைய 2,100 ஏடிபி.

சரி, சிக்கல் இதற்கு அப்புறம். சோடியம் உள்ளே வரும்போதே பொட்டாசியம் வெளியேறினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, செலவு வீணாக ஏறும். ஆட்வெல், லாஃப்லின் என்ற ஆய்வாளர்கள் 2001இல் இதற்காகக் குறைந்தபட்சச் செலவை 4ஆல் பெருக்கினார்கள். அது ஊசிக்கணவாயின் ஆக்சானிலிருந்து (துடிப்பைக் கடத்தும் நீண்ட நரம்பிழை) வந்த எண். அதை எலி மூளைக்குப் பொருத்துவது எனக்கு எப்போதுமே உறுத்தல். 2009இல் எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியிலுள்ள பாசி நார்கள் (mossy fibers) எனும் ஆக்சான்களில் அளந்தபோது அந்த மடங்கு வெறும் 1.3தான் வந்தது. துடிப்பின் செலவு இப்படிக் குறைந்ததால், பின்னாளைய கணக்குகளில் சினாப்ஸ்தான் (நரம்பணுக்கள் இணையும் இடம்) பெரிய செலவாளி.

மாணவர்களுக்கு எந்த எண்ணைக் கொடுப்பீர்கள்? வேகமாகத் துடிக்கும் இடைநரம்பணுக்களுக்கு வேறு மடங்கு வைப்பீர்களா? ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி மாதிரியை (துடிப்பின் அயனி மின்னோட்டங்களைக் கணக்கிடும் சமன்பாடுகள்) 6.3 டிகிரியிலும் அதைவிடக் கூடிய வெப்பநிலையிலும் ஓட்டி, சோடியம் மின்னோட்டத்தைத் தொகையிட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் நிரலைப் பகிர முடியுமா? பைத்தான் என்றால் ரொம்ப வசதி.