எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்: சென்னை ரோட்டுக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் ஒரே வண்டி சரிவருமா?

திருவான்மியூர்வாசி கேட்டது:

வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருக்கிற விஷயம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வயசு 37. திருவான்மியூர்ல வீடு, சிறுசேரியில வேலை, வாரத்துல மூணு நாள் ஆபீஸ் போகணும். வீட்டுக்குன்னு ஒரு கார் இருக்கு, அதை மனைவிதான் ஓட்டறாங்க. எனக்குன்னு ஒரு வண்டி வாங்க 20 லட்சம் சேர்த்து வெச்சிருக்கேன். அஞ்சு வருஷம் ஆச்சு சேர்க்க.

போன வருஷம் வேலை விஷயமா மூணு மாசம் இங்கிலாந்துல இருந்தேன். ஒரு சனிக்கிழமை கேட்டர்ஹாம் செவன் 170-ங்கிற கூரையில்லாத குட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணை அரை நாள் வாடகைக்கு எடுத்தேன். 660 சிசி சுசுகி டர்போ என்ஜின், 84 குதிரைசக்தி. நம்ம ஊர் ஹேட்ச்பேக் அளவுக்குத்தான் பவர். ஆனா வண்டியோட எடை வெறும் 440 கிலோ. உக்காந்த இடத்துலேர்ந்து கையைத் தொங்கப்போட்டா தார் ரோட்டைத் தொட்டுடலாம். முன் சக்கரம் ரெண்டும் கண்ணெதிர்ல திரும்பறது தெரியுது. ரோட்டுல ஒரு சின்ன ஒட்டு இருந்தாக்கூட உள்ளங்கையில வந்து சொல்லுது. இறங்கினதுக்கு அப்புறமும் ரொம்ப நேரம் கை நடுங்கிட்டே இருந்துச்சு. பயத்துல இல்ல, சந்தோஷத்துல.

அன்னையிலேர்ந்து வேற எந்தக் கார்ல உக்காந்தாலும் மெத்தையைப் போத்திக்கிட்டு ஓட்டற மாதிரியே இருக்கு.

எனக்கு வேண்டியது இதுதான்: ஆபீசுக்கும் எடுத்துட்டுப் போகணும், மாசத்துல ஒரு ஞாயிறு ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் போகணும், வருஷத்துல நாலஞ்சு தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஓட்டணும். கேட்டர்ஹாமோ பழைய லோட்டஸ் எலீஸோ இறக்குமதி பண்ண முடியுமா? இல்ல, பைப் ஃபிரேம் போட்டு இங்கயே ஒண்ணு கட்டிக்கலாமா? ஹூண்டாய் ஐ20 என் லைன் வாங்குன்னு நண்பர் ஒருத்தர் சொல்றார். குழப்பமா இருக்கு.

---

மூணாவது கியர்:

ப்ரோ, இறக்குமதி விசாரிச்சுப் பாத்தவன் நான். பழைய வண்டின்னா மூணு வருஷத்துக்குள்ள இருக்கணும், ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும். எலீஸ் உற்பத்தியே 2021-ல முடிஞ்சாச்சு, அதனால அந்தக் கதவு மூடியாச்சு. புது கேட்டர்ஹாம்னா சுங்கவரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து வண்டி விலையைப் போல ரெண்டு மடங்கைத் தாண்டிடும்னு எனக்குச் சொன்னாங்க. 20 லட்சத்துல நடக்காது.

கட்டிக்கலாம்னா கட்டிக்கலாம், ஆனா நம்பர் பிளேட் கிடைக்காது. ஆர்டிஓ முதல்ல கேக்கறதே டைப் அப்ரூவல்தான், அதாவது இந்த மாடல் ரோட்டுல ஓடலாம்னு சோதிச்சுத் தர்ற சான்றிதழ்.

என் லைன் நல்ல சாய்ஸ். 120 பிஎஸ், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அதோட, அதைச் செய்யற ஃபேக்டரியே டிராக் இருக்கிற அதே இருங்காட்டுக்கோட்டையில.

---

சோழவரத்துக்காரன்:

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். அந்தக் கை நடுக்கம் எனக்குத் தெரியும். அதனால கொஞ்சம் நீட்டி எழுதறேன், பொறுத்துக்குங்க.

எனக்கு 54 வயசு. அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறை வெச்சிருக்கேன். எண்பதுகள்ல எங்கப்பா என்னைச் செங்குன்றம் பஸ்ல ஏத்தி சோழவரம் ரேசுக்குக் கூட்டிட்டுப் போவார். ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. நிழலே கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கதான் கரிவர்தன் ஓட்டி நான் பாத்தேன். கோயம்புத்தூர்க்காரர். அவர் பின்னாடி செஞ்ச காரியம்தான் உங்க கேள்விக்குப் பதில்னு நான் நினைக்கிறேன். மாருதி 800-ல இருக்குமே, அந்த 796 சிசி மூணு சிலிண்டர் என்ஜின், அதை எடுத்து பைப் ஃபிரேம்ல வெச்சு ஒத்தை சீட் ரேஸ் கார் பண்ணினார். ஃபார்முலா மாருதி. நம்ம பசங்க எத்தனையோ பேர் அதுலதான் ரேஸ் பழகினாங்க.

இப்போ உங்க கேட்டர்ஹாமை நினைச்சுப் பாருங்க. சுசுகியோட மூணு சிலிண்டர் குட்டி என்ஜின், பைப் ஃபிரேம், மேல ஒண்ணும் கிடையாது. 1957-ல லோட்டஸ் கம்பெனியை ஆரம்பிச்ச காலின் சாப்மன் லோட்டஸ் செவன் பண்ணினப்ப இருந்த அதே யோசனை. அந்த உரிமையைத்தான் 1973-ல கேட்டர்ஹாம் வாங்கிச்சு. நீங்க இங்கிலாந்துல ஓட்டின சந்தோஷத்தோட பங்காளி நம்ம ஊர்லயே பொறந்து வளர்ந்திருக்கு. அதுக்கு நம்பர் பிளேட் மட்டும்தான் கிடையாது.

அதனால அந்தச் சந்தோஷத்தையும் ஆபீஸ் ரோட்டையும் ஒரே வண்டியில கட்டிப் போடாதீங்க.

முதல்ல ரோடு. ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை, தடுப்பு, பள்ளம், திடீர்னு முளைக்கிற வேகத்தடை. செவன் மாதிரி வண்டியில உங்க தலை எம்டிசி பஸ்சோட சக்கர உயரத்துல இருக்கும். டிரைவர் கண்ணுக்கு நீங்க தெரியவே மாட்டீங்க. நவம்பர் மழையில கூரை இல்லாம துரைப்பாக்கத்துல நிக்கிறதை யோசிச்சுப் பாருங்க. அந்த வண்டி மேல இருக்கிற ஆசையே ஒரு மழைக்காலத்துல செத்துடும். அப்படி ஆகக் கூடாது.

ரோட்டுக்கு ஒரு ஸ்விஃப்ட் போதும், எப்பவாவது டிராக்குக்கும் அதையே எடுத்துட்டுப் போகலாம். 2018-ல வந்த மாடல், பெட்ரோல், மேனுவல். எடை 855-லிருந்து 880 கிலோவுக்குள்ள. இன்னைக்கு லோட்டஸ் விக்கிற எமிராவே 1,400 கிலோவைத் தாண்டும். அவங்களோட முதல் எலீஸ் 1996-ல 725 கிலோதான் இருந்துச்சு, அலுமினியத்தைப் பசை போட்டு ஒட்டின சேஸிஸ் மட்டும் 68 கிலோ. அந்தக் குறைச்ச எடையை மனசுல வெச்சுக்கிட்டு இன்னைக்கு நம்ம ஊர் ஷோரூம்ல தேடினா கிட்டத்துல வர்றது இந்த மாதிரி சின்ன வண்டிங்கதான். என் லைன் நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கேட்டது பவர் இல்ல, எடை.

எடை எங்க காட்டும்னா பிரேக்ல. கணக்குப் போட்டுப் பாருங்க: 140 கிலோமீட்டர் வேகத்துலேர்ந்து 60-க்கு இறக்க, 900 கிலோ வண்டி கிட்டத்தட்ட 555 கிலோஜூல் சக்தியைக் கரைக்கணும். பெரும்பகுதி பிரேக்லதான் சூடாக் கொட்டும். 1,400 கிலோ வண்டின்னா அதே இடத்துல 860. நம்ம டிராக் 3.7 கிலோமீட்டர், பன்னெண்டு வளைவு. ஒவ்வொரு சுத்துலயும் இந்தச் சூடு ஏறிக்கிட்டே போகும், டிஸ்க் ஆறவே நேரம் இருக்காது.

என் கதையைச் சொல்றேன். முதல் தடவை என் வண்டியை டிராக்குக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு பட்டறையில பிரேக் ஆயில் மாத்தச் சொன்னேன். மாத்தியாச்சுன்னு பில்லும் குடுத்தாங்க. நாலாவது சுத்துல பெடல் பஞ்சு மாதிரி ஆச்சு. அஞ்சாவது சுத்துல மிதிச்சேன், கால் அப்படியே தரைக்குப் போயிடுச்சு. கியரை இறக்கி இறக்கி, புல்லுல போய் நின்னேன். எனக்கும் ஒண்ணும் ஆகல, வேற யார் மேலயும் மோதல, அது கடவுள் புண்ணியம். வீட்டுக்கு வந்து ஆயிலை ஒரு கண்ணாடி பாட்டில்ல இறக்கிப் பாத்தேன். டிகாஷன் கலர்ல இருந்துச்சு. புது ஆயில் வெளிர்மஞ்சளா, தேங்கா எண்ணெய்க்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். அவங்க மேல இருந்த டப்பாவை மட்டும் வழிச்சு நிரப்பியிருக்காங்க, கீழே சக்கரத்துல பிரேக் பேடை அமுக்கற காலிப்பர்ல இருந்தது வருஷக்கணக்கான பழசு.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். நம்ம சென்னை ஈரம் தெரியும்ல. டாட் 4-ங்கிற வகை பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்ப 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா 155 வரைக்கும் தாங்கினாப் போதும்னுதான் தர நிர்ணயமே சொல்லுது. கொதிச்சா உள்ளே ஆவி. ஆவியை அமுக்கினா அமுங்கும், பிரேக் பிடிக்காது. அன்னையிலேர்ந்து டிராக் நாளுக்கு முந்தின வாரம் நானே ஆயில் மாத்தறேன். நாலு சக்கரத்துலயும் ஆயில் இறக்கற நிப்பிளைத் திறந்து, பொண்ணு பெடல் மிதிக்க, புது நிறம் வர்ற வரைக்கும் இறக்கறேன்.

ஸ்விஃப்டுக்கு நீங்க பண்ண வேண்டியதும் இதுதான். நல்ல ஆயில், சூடு தாங்கற பிரேக் பேட், கம்பெனி சொன்ன அளவுலயே நல்ல பிடிப்புள்ள டயர். என்ஜின்ல கை வைக்காதீங்க. டயர் காத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒண்ணு: ஓட்டறதுக்கு முன்னாடி டயரோட தோள்ல, அதாவது ரோட்டைத் தொடற பட்டையும் பக்கவாட்டும் சேர்ற ஓரத்துல, சாக்பீஸால நாலு இடத்துல கோடு போடுங்க. நாலு சுத்து முடிச்சு வந்து பாருங்க. கோடு பக்கவாட்டு வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்து கம்மி, தோள்ல கோடு அப்படியே இருந்தா காத்து ஜாஸ்தி. சூட்டுல அழுத்தம் ஏறும்கறதை மறக்காதீங்க. டிராக்ல காத்தை இறக்கியிருந்தா, வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, டயர் ஆறினப்புறம் திரும்ப நிரப்பிக்கணும்.

மிச்சக் காசை என்ன பண்றது? நம்ம டிராக்லயும் கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரிவர்தன் பேர்ல இருக்கிற டிராக்லயும் ரேஸ் பள்ளிகள் பயிற்சி நடத்தறாங்க. ஒத்தை சீட் ஃபார்முலா கார் அவங்களே தருவாங்க. இப்போ ஓடற எல்ஜிபி ஃபார்முலா 4 வண்டியில ஸ்விஃப்டோட 1.3 என்ஜின். ஒரு தடவை உக்காந்து பாருங்க தம்பி. முன் சக்கரம் ரெண்டும் கண்ணெதிர்ல திரும்பும்.

---

கிளெய்ம் மேசை:

மேலே ஐயா சொன்னதோட ரெண்டு விஷயம். நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர், இதே ஊர்தான்.

உங்க பாலிசியை எடுத்து ‘பயன்பாட்டு வரம்பு’ன்னு இருக்கிற பத்தியைப் படிங்க. ஒழுங்கு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை இதுக்கெல்லாம் காப்பீடு கிடையாது. ஒரு தடவை ஒரு வண்டி பாக்கப் போனேன். ஹைவேயில மாடு குறுக்கே வந்துச்சுன்னு எழுதியிருந்தாங்க. குனிஞ்சு பாத்தா ரிம்மோட உள்விளிம்புல சிவப்பும் வெள்ளையுமா பெயின்ட் ஒட்டியிருந்துச்சு. டிராக் ஓரத்து கெர்ப்ல அடிக்கிற பெயின்ட். கிளெய்ம் போச்சு. அந்தப் பையன் இன்னும் இஎம்ஐ கட்டிட்டிருக்கான், எனக்கு இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கு. டிராக்ல அடிபட்டா செலவு உங்களோடது, அந்தக் கணக்கோட போங்க.

ரெண்டாவது, ரோட்டு வண்டியில ரோல் கேஜ் (வண்டி உருண்டா நசுங்காம இருக்க உள்ளே போடற இரும்புக் குழாய்க் கூண்டு) போடாதீங்க. கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிச்சு. சட்டத்தை விடுங்க. ஆபீஸ் போறப்ப ஹெல்மெட் போட மாட்டீங்க, பின்னாடி ஒருத்தன் மோதினா தலை நேரா இரும்புக் குழாய்ல போய் இடிக்கும். நாலு பாயிண்ட் பெல்ட்டும் அப்படித்தான். சாதாரண சீட்ல அதைக் கட்டினா மோதறப்ப இடுப்பு கீழே வழுக்கி பெல்ட் வயித்துல ஏறிடும். கம்பெனி பெல்ட், அதுக்கான ஏர்பேக், இது ரெண்டும் ஜோடி. பிரிக்காதீங்க.

ஹெல்மெட் வாங்கறப்ப கார் ரேசுக்குன்னு எஸ்ஏ தரம் போட்டது வாங்குங்க. பைக் ஹெல்மெட் தீயைத் தாங்கறதுக்குன்னு செஞ்சது இல்ல.

---

திருவான்மியூர்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேடம், இன்னைக்கே பாலிசியை எடுத்துப் படிச்சேன். நீங்க சொன்ன வரி அப்படியே இருக்கு.

அண்ணே, நீங்க எழுதினதை மனைவிக்கும் படிச்சுக் காட்டினேன். ஃபார்முலா கார் பயிற்சிக்கு அவங்களும் வர்றேன்னு சொல்லிட்டாங்க. போரூர்ல ஒரு 2019 ஸ்விஃப்ட் பாத்து வெச்சிருக்கேன், 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஒரே ஓனர். ஒரே ஒரு சந்தேகம்: டிராக்குக்குப் போறப்ப பின் சீட்டைக் கழட்டிடலாமா? எடை குறையும்ல?

---

சோழவரத்துக்காரன்:

வீட்டம்மாவும் வர்றாங்களா, ரொம்ப சந்தோஷம் தம்பி. ரெண்டு பேரும் முழுக்கை பருத்திச் சட்டை, அடி மெலிசான ஷூ போட்டுட்டுப் போங்க. பெடல் கால்ல தெரியணும்.

பின் சீட் இருக்கட்டும். கழட்டறப்ப கிளிப் உடையும், அப்புறம் ஆயுசுக்கும் கடகடன்னு சத்தம். டிராக்ல இறங்கறதுக்கு முன்னாடி ஸ்டெப்னி, ஜாக்கி, டூல், மிதியடி, தண்ணி பாட்டில் எல்லாத்தையும் வெளியே வெச்சுடுங்க. பிரேக் பிடிக்கறப்ப பெடலுக்கு அடியில ஒரு பாட்டில் உருண்டு வந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. எடையை விட அதுக்காகத்தான் முக்கியமா சொல்றேன். பெட்ரோல் கால் டேங்குக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும், ரொம்பக் குறைஞ்சா வளைவுல என்ஜின் திக்கும்.

வண்டி வாங்கினதும் ஒரு வேலை பண்ணுங்க. பூந்தமல்லி ரோட்டுல லாரிக்கு எடை போடற மேடை இருக்கும், அங்க ஏத்துங்க. முழு வண்டி ஒரு தடவை, முன் சக்கரம் ரெண்டு மட்டும் மேடையில நிக்கற மாதிரி ஒரு தடவை. நீங்க உள்ளே உக்காந்திருக்கணும், பெட்ரோல் கால் டேங்க். அங்க குடுக்கற ரெண்டு எடைச் சீட்டையும் போட்டோ எடுத்து இங்க போடுங்க. முன்பக்கம் எவ்வளவு பாரம்னு பாத்துட்டு எந்த பிரேக் பேட், எவ்வளவு காத்துன்னு உக்காந்து பேசலாம்.