மனநலப் பிரிவின் கதவுக்குள் முதல்முறை எப்படிப் போனீர்கள்?

வெற்றிலைக்கொடி

அம்மாவை ஏழு மாதம் அலைக்கழித்துவிட்டோம். நெஞ்சு அடைக்கிறது, உள்ளங்கால் எரிகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கம் கிடையாது. இசிஜி, எண்டோஸ்கோபி, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது, எல்லாத் தாளிலும் 'நார்மல்'. கடைசியில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பொது மருத்துவர் ஓ.பி. சீட்டின் ஓரத்தில் ஏதோ கிறுக்கி, "22-ஆம் எண் அறைக்குப் போங்கள்" என்றார்.

கதவின் மேல் நீலப் பலகை: 'மனநலப் பிரிவு'. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படித்தார். எனக்கென்ன பைத்தியமா என்று சத்தம் போடுவார் என எதிர்பார்த்தேன். போடவில்லை. சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இங்கே வந்தது உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு நேராக நடந்து போய் மருந்து வாங்கும் வரிசையில் நின்றார். வாங்குவதற்கு எங்களிடம் ஒரு மருந்தும் இல்லை.

நானும் அவர் பின்னால் நின்றேன். எங்கள் முறை வரும் வரை நின்றுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு வாரம் ஆகிறது. அடுத்த முறை என்ன சொல்லி அழைத்துப்போவது?

நாமக்கல் ஓட்டுநர்

எனக்கு வந்தது தொப்பூர் இறக்கத்துக்குச் சற்று முன்னால். முப்பது டன் சுமை. கை மரத்துவிட்டது, மூச்சு மேலேயே நிற்கிறது, செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கிளீனரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனுக்குப் பத்தொன்பது வயது. அவனும் அழுதான்.

அதன் பிறகு மூன்று முறை அவசர சிகிச்சைப் பிரிவு. மூன்று முறையும் "ஒன்றுமில்லை, வாயு". நான்காவது முறை ஓர் இளம் மருத்துவர் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, 'பேனிக் அட்டாக்' என்றார். வெளியே நின்ற என் மனைவியின் காதில் 'அட்டாக்' மட்டும் விழுந்திருக்கிறது. நம் ஊரில் அட்டாக் என்றால் ஒன்றுதானே! படியில் உட்கார்ந்து கதறி, மச்சானுக்குப் போன் போட்டு, ஒரு மணி நேரத்தில் பாதி ஊர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து நின்றது. எழுந்து நடக்கிறேன் என்பதை யாரும் நம்பவில்லை.

அந்த மருத்துவர் மறுபடி வந்து எல்லோரையும் வைத்துக்கொண்டு விளக்கினார். இதயம் நன்றாக இருக்கிறதாம், ஆபத்துக்கு அடிக்க வேண்டிய மணி ஆபத்தில்லாத நேரத்தில் அடிக்கிறதாம். என் மச்சான் அதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஒன்றுமில்லை" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பழைய கணக்காளர்

என் தங்கை ஒரு 'டாக்டரிடம்' எட்டு மாதம் பணம் கட்டினாள். அவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், இவளும் நிறுத்தினாள். பத்தாம் நாள் நள்ளிரவில் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, அண்டை வீட்டார் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றாள். இதற்கு மேல் அதை எழுத மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பொறுமையாகப் படியுங்கள். பலகையைப் பார்த்து நம்பாதீர்கள், அதற்குக் கீழே இருக்கும் படிப்பைப் பாருங்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்தவர். மாத்திரை எழுதுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் என்பவர் வேறு. மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருப்பார். பேச்சு வழிச் சிகிச்சை தருவார், சோதனைகள் செய்வார், மாத்திரை எழுத மாட்டார். ஆலோசகர் என்ற சொல்லை மட்டும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. நல்லவர்களும் உண்டு, பதினைந்து நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர்களும் உண்டு. எங்கே படித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். நரம்பு டாக்டர் வேறு, அவர் வலிப்பும் பக்கவாதமும் பார்ப்பவர். அதைவிட முக்கியம், 'நரம்புத் தளர்ச்சி' என்று சுவரில் எழுதிவைத்து மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்குகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஐந்தாம் நாளே பலனில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். தேறிவிட்டது என்று நாமாகத் திடீரென நிறுத்துவதும் தவறு. தூக்க மாத்திரை வேறு கதை, அதில் சிலவற்றை நீண்ட நாள் போட்டால் பழகிவிடும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் 'அடிமையாகிவிடுவாய்' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைக்கே வருவார். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள், இல்லாவிட்டால் 104 சுகாதார உதவி எண்ணில் கேளுங்கள்.

காவிரிக்கரை

கணக்காளர் ஐயா, படிப்பைப் பார்க்கச் சொன்னீர்கள், சரி. என் அண்ணனை 1991-இல் திருச்சிப் பக்கம் குணசீலம் பெருமாள் கோவிலில் ஒரு மண்டலம் வைத்திருந்தோம். நாற்பத்தெட்டு நாள். உச்சிகால பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தத்தை அடித்துத் தெளிப்பார்கள். முதல் நாள் அண்ணன் சிலிர்த்துக்கொண்டு திரும்பி, அம்மாவைப் பார்த்து, "எப்போது வந்தாய்?" என்று கேட்டான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் சொல். எந்த எம்.டி. அதைக் கொடுத்தார்?

பிறகு ஊருக்கு வந்து ஆறு மாதத்தில் மறுபடி வந்தது, மறைக்கவில்லை. திருச்சியில் மாத்திரை ஆரம்பித்தோம். 'மனச்சிதைவு' என்று எழுதிக் கொடுத்தார்கள். சிதைவாம்! கண்ணாடியா சிதைவதற்கு? இன்றைக்கும் மாத்திரை போடுகிறான், புரட்டாசியில் குணசீலமும் போகிறான். இரண்டில் எது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ராமநாதபுரத்துப் பிள்ளை

உங்கள் அண்ணனுக்குக் கோவிலில் சங்கிலி இல்லை, அதனால் இப்படிப் பேச முடிகிறது. ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலை மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் ஓட முடியாமல் எரிந்தார்கள். கட்டிப் போட்டிருந்தார்கள். என் தாய்மாமா அங்கிருந்து கொஞ்சம் தள்ளி வேறொரு கொட்டகையில் இருந்தார். அந்த மாதமே அரசு அத்தகைய காப்பகங்களை எல்லாம் மூடியது. அப்பா போய் அழைத்து வந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. மாமா எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏறும்போது குட்டிக் குட்டி அடியாக வைத்து நடந்தார். காலில் ஒன்றுமில்லை. சங்கிலி எவ்வளவு தூரம் விடுமோ அவ்வளவு தூரம்தான் கால் எட்டு வைத்தது. நான் சிரித்துவிட்டேன். அம்மா என்னை அறைந்தாள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலி கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. பிரார்த்தனையை நான் குறை சொல்லவில்லை. இப்போது ஏர்வாடியிலேயே துவா ஒரு பக்கம், அரசு மாத்திரை ஒரு பக்கம் என்று கொடுக்கிறார்கள். அது அன்றைக்கு இருந்திருக்க வேண்டும்.

காவிரிக்கரை

நான் சங்கிலியைப் பற்றிப் பேசவே இல்லையே, தம்பி.

வன்னிப் பறவை

நான் இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம். நாங்கள் மனநலம் என்பதைவிட உளநலம் என்றுதான் சொல்வோம், ஆலோசகரை உளவளத்துணையாளர் என்போம். சீர்மியம் என்றும் ஒரு சொல் இருக்கிறது, அது பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது.

2009-இல் போர் முடிந்த பிறகு ஒரு தாளை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேள்வி கேட்கும் வேலையில் நான் இருந்தேன். ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகளைப் பற்றித் தகவலே இல்லாதவர். தாளில் இருந்தபடி, "மனச்சோர்வு இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டேன். "சோர்வா? இல்லைப் பிள்ளை. விடிய எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுத்தான் வருகிறேன்" என்றார். இல்லை என்ற கட்டத்தில் அடையாளம் போட்டேன். அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி, எல்லாமே இல்லை. எழும்பும்போது, தாளில் இல்லாத கேள்வியாக, "இரவில் யோசிக்கிறீர்களா?" என்றேன். அந்த அம்மா முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். இருட்டும் வரைக்கும் நான் அங்கேயே இருந்தேன்.

தாளை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே கொடுத்துவிட்டேன். எங்கேயோ ஒரு கணக்கில் அவருக்கு மனச்சோர்வு இல்லை.

வெற்றிலைக்கொடி அக்கா, உங்கள் அம்மாவிடம் பலகையின் பெயரைச் சொல்லாதீர்கள். அவர் தன் வருத்தத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். இங்கே யாராவது இதைப் படித்தால், எங்கள் நாட்டில் 1926 என்ற உளநல உதவி எண்ணில் பேசலாம்.

விடுதி அறை 9

நான் 14416-க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, போன வருடம் தேர்வுக்கு முந்தைய இரவு பேசினேன். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எடுத்த அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்டார். இரண்டு வருடமாக எல்லோரும் 'எப்படி இருக்கிறாய்' என்றுதான் கேட்டார்கள், நானும் 'நன்றாக இருக்கிறேன்' என்றுதான் சொன்னேன். இப்படிக் கேட்டதும் பொய் சொல்ல வரவில்லை, ஆமாம் என்றேன். அவர் பதறவில்லை. "அறையில் இப்போது யார் இருக்கிறார்கள், அவரை எழுப்ப முடியுமா?" என்றார். எழுப்பினேன். அவன் எழுந்து டீ போட்டான். சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டுவிட்டான். இரண்டு பேரும் குடித்தோம்.

கார்டன் சாலை

கீழ்ப்பாக்கத்தில் வீடு என்றாலே சிரிக்கிறார்களே, அதற்கு யாரிடம் போவது? 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது, நாம் அதன் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். பெண் பார்க்க வந்தவர்கள் முகவரியைக் கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் என் அனுபவம்.

வெற்றிலைக்கொடி

எல்லோருக்கும் நன்றி. கணக்காளர் ஐயா, நான் படிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனால் தாலுகா மருத்துவமனைச் செய்தி உதவியது, எங்களுக்கு வியாழக்கிழமை.

கிளிநொச்சித் தங்கை சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். "அப்பா போனதிலிருந்து வீடு கனக்கிறது" என்றார். அதை அப்படியே மருத்துவரிடம் சொன்னேன். அவர் கணினியில் வேறு ஏதோ ஒரு பெயரைத் தட்டிக்கொண்டார், அம்மாவிடம் "கனத்தைக் குறைக்கப் பார்ப்போம்" என்றார். மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. மூன்று மணி விழிப்பு அப்படியேதான் இருக்கிறது. கால் எரிச்சல் குறைந்தது போல என்கிறார், உறுதியாகச் சொல்லவில்லை.

இந்த வியாழன் அங்கே வரிசையில் எங்கள் தெருக்கோடி வீட்டு அத்தை உட்கார்ந்திருந்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தார், அத்தை செருப்பைப் பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ஊர் வரும் வரை வெங்காய விலையைப் பற்றிப் பேசினார்கள். வீட்டுக்காரரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.