மறுமொழி: குழந்தைகளின் அடோபிக் டெர்மடைட்டிஸ் – ‘வறள்கரப்பான்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். அடோபிக் டெர்மடைட்டிஸ் என்பது குழந்தைகளுக்குத் தோல் வறண்டு, சிவந்து, அரிக்கும் நோய். அதற்குத் தமிழில் ‘வறள்கரப்பான்’ என்று நான் முன்மொழிந்தேன்; ‘கரப்பான்’ என்பது அரிக்கும் தோல்நோய்களுக்கு ஊரில் வழங்கும் பெயர். அதற்கு நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

> ‘ஒவ்வாமைத் தோலழற்சி’ ஏற்கெனவே புழங்குகிறதே, புதுச்சொல் எதற்கு?

குழந்தைகள் புறநோயாளிப் பிரிவில் வேலை பார்க்கிறவள் என்பதால், அந்தச் சொல் தாய்மார் காதில் எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரியும். ‘ஒவ்வாமை’ என்றதுமே “எதை நிறுத்தணும்?” என்றுதான் கேட்பார்கள். முட்டை போகும், பால் போகும், மீன் போகும். பிள்ளை மெலிந்து வரும்; முழங்கை மடிப்பில் அரிப்பு அப்படியே இருக்கும். நோய் கடுமையாக உள்ள சில கைக்குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமையும் சேர்ந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூலக்கோளாறு தோலில்தான்: மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைப்பதில்லை. தோலின் மேலடுக்கைக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவின் பிறழ்வுகளுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2006இல் தெரியவந்தது. தவிர, கவரிங் நகையின் நிக்கல் பட்டு வரும் புண் வேறு நோய். ‘ஒவ்வாமை’ அதற்கே பொருந்தும்.

> அடோபி என்பதை நேராக மொழிபெயர்க்கலாமே?

குடும்பவழி வரும் ஒவ்வாமை இயல்பைக் குறிக்க, ஒவ்வாமை ஆய்வாளர்களான கோகாவும் குக்கும் 1923இல் கிரேக்கத்திலிருந்து ஆக்கிய சொல் அது. ‘இடம் பொருந்தாதது’ என்று பொருள். தமிழில் ‘இடம்பிறழ் தோலழற்சி’ என்று வைத்தால் மருத்துவருக்கே விளங்காது.

‘வறள்கரப்பான்’ என்று நான் சொல்வதற்குக் காரணம், நோயை அறிவதும் ஆற்றுவதும் இரண்டுமே வறட்சியில் வந்து நிற்கின்றன. இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறோம். அரிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்குக் கன்னத்தில் சிவந்து பொருக்குத் தட்டும், டயப்பர் கட்டும் இடம் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். வளர்ந்தால் முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்கு இறங்கும். உடம்பு முழுக்கத் தோல் காய்ந்திருக்கும், பல பிள்ளைகளுக்கு வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவும் இருக்கும். வைத்தியமும் அப்படியே. குளித்து ஒற்றியெடுத்த கையோடு, ஈரம் காயுமுன் வாசனை சேர்க்காத களிம்பைத் தாராளமாகத் தடவ வேண்டும், புண் இல்லாத நாளிலும். சிவந்த இடத்துக்கு மட்டும் மருத்துவர் சொன்ன ஸ்டீராய்டு களிம்பு. அதன் அளவுக்கு ‘விரல்நுனி அளவு’ என்பதே போதும்: பெரியவரின் ஆட்காட்டி விரலில் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குக் காணும்.

> ‘வறட்கரப்பான்’ என்றல்லவா புணர வேண்டும்?

வினைத்தொகையாகக் கொண்டால் ‘ள்’ ‘ட்’ ஆகத் திரியாது. ‘கொள்கலன்’ இருக்கிறதே.

> கரப்பான் என்றாலும் பத்தியம்தானே நினைவுக்கு வரும்?

இது நியாயமான தடை. கத்தரிக்காயும் கருவாடும் ‘கரப்பான் பண்டம்’ என்று ஊரில் சொல்வதுண்டு. முன்னால் ‘வறள்’ நிற்பதால் பேச்சு களிம்பின் பக்கம் திரும்பும் என்று நம்புகிறேன். அப்படியும் ஒப்பவில்லையென்றால் ‘வறள்தோல் அழற்சி’க்கும் சம்மதம். ‘சிரங்கு’ மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒட்டும் நோய், இது ஒட்டாது. அந்தப் பெயரைக் கேட்டுப் பள்ளியில் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள்.

அப்புறம், அடங்கிய நோய் மறுபடி சிவந்து வருவதை ‘ஃப்ளேர்’ என்கிறோம். தாய்மார் “திரும்பக் கிளம்பிடுச்சு” என்கிறார்கள். அதையொட்டிக் ‘கிளம்பல்’ என்று வைக்கலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.