டேப்பிடம் பக்கத்தைக் கேட்டு மாட்டிக்கொண்ட கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

ரோஸ்ஹில் தம்பி

போன வருஷக் காவடிக்கு நான் செய்த தப்பை இப்போதுதான் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. இங்கே மொரீசியஸில் எங்கள் கோவிலில் பெயர்ப் பதிவுக்கு ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். சி ப்ளஸ் ப்ளஸ் மொழி, ஜன்னல், பட்டன் எல்லாம் செய்ய க்யூடி 5 நூலகம். (செய்தவர்கள் அதை 'க்யூட்' என்று உச்சரிக்கச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.) ஒரே ஜன்னல், நான்கு டேப்: காவடி, பால்குடம், ஏழு கறி, ரசீது. ஏழு கறி டேப் எதற்கு என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். டர்பன் நண்பர்களுக்காக: காவடி முடிந்ததும் வாழை இலையில் போடும் சாப்பாடு. எத்தனை இலை என்று சமையல்கட்டுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

ஒவ்வொரு டேப்புக்கும் நானே எழுதிய ஒரு கிளாஸ். 'சேர்' பட்டனை அழுத்தினால், டேப் விட்ஜெட்டிடம் பூஜ்யமாவது பக்கத்தைக் கேட்பேன். அது கொடுப்பது வெறும் க்யூவிட்ஜெட் பாயிண்டர், அதாவது எல்லாத் திரைப் பொருளுக்கும் பொதுவான தாய் வகையின் முகவரி. உள்ளே இருப்பது காவடிப் பக்கம் என்று எனக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. சரி என்று ஸ்டேட்டிக் காஸ்ட் (வகையைச் சோதிக்காமலே மாற்றிச் சொல்வது) போட்டு, "இது காவடிப் பக்கம்தான், என்னை நம்பு" என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டது.

கூடவே, அழகுக்காக டேப்களை இழுத்து நகர்த்தும் வசதியையும் திறந்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, ஒரு வரிதானே என்று போட்டேன். பதிவு மேசையில் உட்கார்ந்த அக்காவுக்கு ரசீது டேப் முதலில் இருந்தால் வசதி. இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அவர்மேல் குற்றமே இல்லை, நகர்கிற பொருளை நகர்த்தினார்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்று மொரீசியஸ் தமிழனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1998-இல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தார்கள். நம் ஆட்கள் போட்ட சத்தத்தில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. என் நிரலுக்கு அந்த ரோஷம் கிடையாது. டேப் வரிசை மாறியதும் பக்கங்களின் எண்ணும் மாறிவிட்டது, ஆனால் அது வாயைத் திறக்கவில்லை. பூஜ்யமாவது இடத்துக்கு வந்த ரசீதுப் பக்கத்தையே காவடிப் பக்கம் என்று நம்பி, எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனது. அந்த நினைவகத்தில் உண்மையில் இருந்தது வேறு ஏதோ. ஒரு மணி நேரம் கழித்து ரசீது அச்சடிக்கும்போதுதான் கிராஷ். தப்பு நடந்த இடம் ஒன்று, விழுந்த இடம் இன்னொன்று. அன்று ராத்திரி முழுக்க நான் பிரிண்டர் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

விடிகாலையில் காரணம் பிடிபட்டது. ஸ்டேட்டிக் காஸ்ட் இருந்த இடத்திலெல்லாம் க்யூஆப்ஜெக்ட் காஸ்ட் போட்டேன். கேட்ட வகை இல்லையென்றால் அது நல் பாயிண்டரை, அதாவது எதையும் சுட்டாத வெற்று முகவரியைத் தரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு 'இஃப்'. நல் இல்லையென்றால் சேர், நல் என்றால் சும்மா இரு. நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். மறுநாள் கிராஷ் இல்லை. அக்கா பெயரைத் தட்டுகிறார், 'சேர்' அழுத்துகிறார், பெட்டி காலியாகிறது, அடுத்தவரைக் கூப்பிடுகிறார். பெட்டியைக் காலி செய்யும் வரி 'இஃப்'புக்கு வெளியே இருந்தது. அக்கா ரசீது டேப்பை மறுபடி இழுத்து முன்னால் வைத்திருந்தார், அதனால் ஒவ்வொரு முறையும் நல், ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் காற்றோடு போனது. பதினோரு பெயர். ஒரு பாட்டி ரசீது கேட்டு வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, கணக்குப் பார்க்கும் பெரியவர் என் கணினியை நம்பாமல் நீல நிற நோட்டிலும் எழுதி வைத்திருந்தார்.

கிராஷ் ஆனபோதாவது ஏதோ கோளாறு என்று எல்லாருக்கும் தெரிந்தது. பாதுகாப்பாக காஸ்ட் செய்த பிறகு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நல் வந்தால் என்ன செய்வது என்பதை நான் யோசிக்கவே இல்லை, வராமல் காப்பாற்றிக்கொண்ட மாதிரி நினைத்துவிட்டேன். உங்களில் யாருக்காவது இப்படி?

வாக்வா மழை

தம்பி, எனக்கு வேறு விதமாக. க்யூடியின் டிசைனரில் இழுத்துப் போட்டு டேப் செய்தால், அது உண்டாக்கும் பக்கம் ஒரு மொட்டை க்யூவிட்ஜெட். நாம் போட்ட டேபிள் அதற்குள்ளே லேஅவுட்டில் உட்கார்ந்திருக்கும். நான் பக்கத்தையே டேபிள் என்று காஸ்ட் செய்து, ஏன் எப்போதும் நல் வருகிறது என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெளியே மழை, உள்ளே நான்.

அப்புறம் இன்னொன்று. பக்கத்துக்குள் இருந்துகொண்டு "என் பேரண்ட் யார்" என்று கேட்டால் டேப் விட்ஜெட் வரும் என்றுதானே நினைப்போம்? வராது. டேப் விட்ஜெட் தனக்குள் ஒரு ஸ்டாக்டு விட்ஜெட்டை வைத்திருக்கிறது, பக்கங்களெல்லாம் அதன் பிள்ளைகள். அப்பா என்று நினைத்தவர் உண்மையில் தாத்தா. ஸ்டேட்டிக் காஸ்டில் அப்பாவைத் தாத்தா என்று கூப்பிட்டால் அவரும் 'என்னடா' என்று கேட்டுவிடுவார், அங்கேதான் ஆபத்து.

ஸ்க்ரோல் ஏரியா போட்டவர்களும் கவனம். பக்கத்தை அதற்குள் சுற்றி டேப்பில் சேர்த்தால், டேப் கொடுப்பது ஸ்க்ரோல் ஏரியாவைத்தான். அதனிடம் மறுபடி விட்ஜெட்டைக் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் பயந்து ஃபைண்ட்சைல்ட் பக்கம் ஓடினேன். வகையைச் சொன்னால் எத்தனை அடுக்கு உள்ளே இருந்தாலும் தேடிக் கொண்டுவரும். அங்கேயும் ஒரு குழி. நம் கிளாஸில் க்யூஆப்ஜெக்ட் மேக்ரோ (கிளாஸுக்குத் தனி அடையாளம் தரும் ஒரு வரி) போட மறந்திருந்தால், க்யூஆப்ஜெக்ட் காஸ்ட் கம்பைல் ஆகும்போதே நிறுத்திவிடும். ஆனால் க்யூடி 5-இன் ஃபைண்ட்சைல்ட் நிறுத்தாது. மேக்ரோ இல்லாததால் தாய் கிளாஸின் அடையாளத்தை வைத்துத் தேடும், அந்தத் தாய் வகையில் முதலில் கிடைத்ததை எடுத்து, "இந்தா நீ கேட்டது" என்று ஸ்டேட்டிக் காஸ்ட் செய்து கையில் கொடுக்கும். நீங்கள் விட்ட பழைய தப்பையே நூலகம் உங்களுக்காக விட்டுத் தருகிறது!

டர்பன் பேரன்

எல்லாருக்கும் வணக்கம். என் தமிழ் ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தமிழ், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜாவா, அதன் ஜன்னல் நூலகமான ஸ்விங். ஒரு லாரி கம்பெனிக்கு வேலை. டேப் பேனிடம் இப்போது திறந்திருக்கும் பக்கத்தைக் கேட்டேன், ஜேடேபிள் என்று காஸ்ட் செய்தேன். உடனே கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன். இருப்பது ஜேஸ்க்ரோல்பேன், நீ கேட்டது ஜேடேபிள் என்று இரண்டு பெயரையும் போட்டுக் கத்தியது. வாக்வா அண்ணா சொன்ன அதே ஸ்க்ரோல் கதை. ஜாவாவில் இன்னும் ஒரு படி அதிகம்: ஸ்க்ரோல் பேன், அதற்குள் வியூபோர்ட், அதன் வியூதான் டேபிள். ஜாவா 16 முதல், வகையைப் பார்க்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் சோதனையிலேயே மாறிக்குப் பெயரும் வைத்துவிடலாம், தனியாக காஸ்ட் எழுத வேண்டாம்.

பாட்டி எங்களைத் திட்டியே வளர்த்தார். அதனாலோ என்னவோ, எனக்குக் கத்துகிற மொழிதான் பிடிக்கும்.

எபேன் ராத்திரி

ராத்திரி ஷிஃப்டில் இருக்கிறேன், சுருக்கமாக.

நான் க்யூடியைப் பைத்தானிலிருந்து பயன்படுத்துகிறவன். பைத்தானில் காஸ்டே கிடையாது, டேப் எதைக் கொடுக்கிறதோ அது தன் சொந்த வகையிலேயே வரும், உங்களுக்கு இந்தத் தொல்லை எதற்கு என்று பெருமையாக எழுத வந்தேன். எழுத உட்கார்ந்ததும் போன மாதம் நடந்தது ஞாபகம் வந்தது. டேப்பை மூடும்போது ரிமூவ்டேப் மட்டும் கூப்பிட்டால் பக்கம் அழியாது, பிரித்து வைக்கப்படும், அவ்வளவுதான். நினைவகம் ஏறிக்கொண்டே போனதால் பக்கத்தை அழிக்கும் டிலீட்லேட்டரும் சேர்த்தேன். ஆனால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஓடும் ஒரு டைமர் அந்தப் பக்கத்தின் டேபிளைக் கையில் வைத்திருந்தது. பைத்தான் பக்கம் பொருள் இருக்கிறது, அதன் பின்னாலுள்ள சி ப்ளஸ் ப்ளஸ் பொருள் போய்விட்டது. ஆள் இல்லாத சட்டை மாதிரி. தொட்டதும் ரன்டைம் எரர், 'ஏற்கெனவே அழிக்கப்பட்டது' என்று. ராத்திரி இரண்டரை மணிக்கு.

இன்ஸ்டன்ஸ் சோதனை இதில் உதவாது, வகை சரியாகத்தான் இருக்கிறது, உயிர்தான் இல்லை. நான் டைமரைப் பக்கத்துக்கே பிள்ளையாக்கிவிட்டேன், பக்கம் போனால் அதுவும் போய்விடும். சி ப்ளஸ் ப்ளஸ்காரர்களுக்கு க்யூபாயிண்டர் இருக்கிறது, பொருள் அழிந்ததும் அதுவாகவே நல் ஆகிவிடும்.

கடைசி டேப்பை மூடினால், திறந்த பக்கம் மாறியதைச் சொல்லும் கரண்ட்சேஞ்சுடு சிக்னல் மைனஸ் ஒன்றைக் கொண்டுவரும். அதையும் பைத்தான் பட்டியலில் இண்டெக்ஸாகப் போட்டேன். பைத்தானில் மைனஸ் ஒன்று என்றால் கடைசிப் பொருள். மேலே சொல்லவில்லை.

வாக்வா மழை

எபேன், அதற்குத்தான் சொல்கிறேன், டேப்பிடம் கேட்கவே கேட்காதீர்கள். பக்கத்தை உருவாக்கியது நீங்கள். உருவாக்கும்போதே பாயிண்டரைச் சொந்தமாக வைத்துக்கொண்டால், பிறகு வரிசை மாறினால் என்ன, ஸ்க்ரோலுக்குள் போனால் என்ன. காவடிப் பக்கம் எப்போதும் காவடிப் பக்கம்தான். பெற்ற பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் விட்டுவிட்டு, மூன்றாவது வரிசையில் நிற்பது என் பிள்ளை என்று போலீஸிடம் சொல்வானேன்?

டர்பன் பேரன்

அண்ணா, இப்போது எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அதைச் சேமி என்றால்? அப்போது டேப்பிடம் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

வாக்வா மழை

அதற்கு மட்டும் கேளுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ஒரு தாய் கிளாஸ், அதில் 'சேமி' என்ற விர்ச்சுவல் ஃபங்ஷன், ஒவ்வொரு பக்கமும் அதைத் தன் வழியில் செய்யும். ஒரே ஒரு காஸ்ட், தாய் வகைக்கு. நல் வந்தால் கத்த வேண்டும். கத்தாவிட்டால் மறுபடி பாட்டி வந்து நிற்பார்.

ரோஸ்ஹில் தம்பி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இந்த வருஷக் காவடி முடிந்தது.

அண்ணா சொன்னபடியே மாற்றினேன். எண் வைத்துக் கேட்பது ஒன்றுகூட இல்லை. சேமிக்கும் இடத்தில் மட்டும் ஒரு காஸ்ட், நல் வந்தால் சிவப்பாக ஒரு பெட்டி: 'இந்தப் பக்கத்தைச் சேமிக்க முடியவில்லை. தம்பியைக் கூப்பிடவும்.' அக்கா முதல் நாளே ரசீது டேப்பை இழுத்து முன்னால் வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. பத்து நாளும் பதிவு ஒழுங்காக நடந்தது.

காவடிக்கு முந்தின ராத்திரி, கோவில் மடிக்கணினியின் திரை சின்னது, ஏழு கறிப் பட்டியலின் அடிப்பகுதி தெரியவில்லை என்றார்கள். சரி என்று அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஸ்க்ரோல் ஏரியாவுக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஆமாம், இங்கே படித்த பிறகும்.

மறுநாள் நான் ஊர்வலத்தில், தோளில் காவடி, வாயில் அலகு. கோவில் வாசலை நெருங்கும்போது அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வருகிறார்: "தம்பி, சிவப்புப் பெட்டி வந்திருக்கு, உன்னைக் கூப்பிடச் சொல்லுது!" பேச முடியாது. ஒரு கையால் காவடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உள்ளே, அதற்கும் உள்ளே என்று சைகை காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு திரும்பிப் போய் நீல நோட்டை எடுத்து இலைக் கணக்கை எழுத ஆரம்பித்தார்.