கார் ஓட்டும்போது கையசைவுக் கட்டுப்பாடு உண்மையிலேயே உதவுமா?

கேள்வி:
செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் பார்க்கிறேன். கையசைத்தே பாட்டுச் சத்தத்தைக் கூட்டலாம், போனை எடுக்கலாம் என்கிறார்கள். ஓட்டும்போது பாதுகாப்பானதா?

பதில் 1:
2015-ல் வந்த 7 சீரிஸில்தான் பிஎம்டபிள்யூ இதை முதலில் கொடுத்தது. உள்கூரையில் இருக்கும் கேமரா, திரைக்கு முன்னால் உள்ள இடத்தில் கை எப்படி அசைகிறது என்று பார்க்கும். விரலைக் கடிகாரம் ஓடும் பக்கமாகச் சுற்றினால் சத்தம் கூடும், எதிர்ப்பக்கம் சுற்றினால் குறையும், திரையை நோக்கி விரல் நீட்டினால் அழைப்பை ஏற்கும், கையை வீசினால் மறுத்துவிடும். திரையில் பட்டனைத் தேட வேண்டாம், எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

பதில் 2:
இல்லை சார், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டனை அழுத்தினால் விரலுக்கே தெரியும், இதில் வேலை நடந்ததா என்று கடைசியில் திரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, அப்புறம் கையாட்டிப் பேசுபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் சத்தம் தானாக ஏறும். ஸ்டியரிங்கிலேயே பட்டன் இருக்கும்போது கையை ஏன் எடுக்க வேண்டும்? நகர நெரிசலில் தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
சரி, தேவையில்லை என்றால் அணைத்து வைக்கலாமா?

பதில் 1:
செட்டிங்ஸில் அணைக்கலாம். வண்டி நிற்கும்போதே செய்துவிடுங்கள்.